பல கூடைகளும் ஒரு தராசும்

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறந்திலோம். எந்தச் சரிவு மழையில் தளரும் என அறிய, மலையைச் சிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொன்றின் சாய்வையும் மண்ணின் பிடிப்பையும் ஊறிய நீரையும் கணினியிற் கணக்கிடலாம். கட்டங்களோ இலட்சக்கணக்கில் வரும். விடை மழைக்குப் பிந்தினால் யாது பயன்?

இக்காலக் கணினிச் செயலியில் ‘கோர்’ எனும் கணிக்கும் உறுப்புகள் நான்கு, எட்டு என உள. சாதாரணமாக எழுதிய நிரலோ ஒன்றில் மட்டும் ஓடும், ஏனையவை வாளாவிருக்கும். ஒரு கட்டத்தின் கணக்கு அயற்கட்டத்தின் விடையை வேண்டாதாயின், கொழுந்தெடுப்போருக்கு நிரை பிரித்துக் கொடுப்பதுபோலக் கட்டங்களைக் கோர்களுக்குப் பகிர்ந்துவிடலாம்.

ஆயினும் நிரைகள் எத்தனையாயினும் மடுவத்தில் தராசு ஒன்றே. பத்து மணி நேர வேலையில், தரவை வாசித்தலும் விடைகளைத் தொகுத்தலுமாகிய ஒரு மணி நேரம் பகிரவொண்ணாதது என்று கொள்வோம். எஞ்சிய ஒன்பதையும் ஒன்பது கோர்களுக்குக் கொடுத்தால், மொத்தம் இரண்டு மணி நேரமாகும். நூறு கோர் கொடுப்பினும் அந்த ஒரு மணி நேரம் குறையாது. ஜீன் அம்டால் என்பார் 1967 இல் இவ்வெல்லையை எடுத்துரைத்தார். கோர்களை மேலும் வாங்க எண்ணுவோர், தம் நிரல் தராசடியில் எவ்வளவு நேரம் காத்து நிற்கிறதென்று முதலில் அளந்து பார்ப்பாராக.