தெருவிலிருந்து வீடுவரை: ஒளியிழை வடத்தின் கடைசி ஐம்பது மீட்டர்

ஒரு கிராமத்திற்கு மின்வசதி கிடைத்துவிட்டது என்று ஏடுகளில் பதிவாவதற்கும், அக்கிராமத்து வீடுகளில் விளக்கு எரிவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்த அனுபவம் இந்நாட்டிற்கு உண்டு. 1997 வரை வழக்கிலிருந்த வரையறைப்படி, கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்த ஒரு காரியத்திற்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும். அது மின்வசதி பெற்ற கிராமமாகக் கணக்கிடப்பட்டது. 2004-இல் வரையறை திருத்தப்பட்ட பிறகே, குறைந்தது நூற்றுக்குப் பத்து வீடுகளுக்காவது இணைப்பு இருக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. ஒளியிழை வடம் இன்று ஏறத்தாழ அதே கட்டத்தில் நிற்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை வடம் வந்திருக்கிறது. அங்கிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து வாசலைக் கடந்து வீட்டுக்குள்ளும் அது செல்வதே எஞ்சியுள்ள பணியாகும்.

நாட்டிலுள்ள சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளையும் ஒளியிழை வடத்தால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. தேசிய ஒளியிழை வலையமைப்பு என்று முதலில் பெயர் பெற்றிருந்த இத்திட்டம் பின்னர் பாரத்நெட் எனப்பட்டது. 2017 டிசம்பரில் முடிவுற்ற முதற்கட்டத்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட ஊராட்சிகள் இணைக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் அமைச்சரவை ஏற்ற திருத்தத் திட்டத்தின் மதிப்பீடு 1,39,579 கோடி ரூபாய். கிராமப்புறங்களில் 1.5 கோடி வீடுகளுக்கு ஒளியிழை இணைப்பு அளிப்பது இதன் நோக்கங்களில் ஒன்று. ஊராட்சிகளின் எண்ணிக்கையும் வடத்தின் நீளமும் அளவுகோலாக இருந்த நிலை மாறி, வீடே அளவுகோலாகியிருப்பது இத்திருத்தத்தின் முக்கியக் கூறு எனலாம்.

ஒன்றரைக் கோடி வீடுகள் என்றால் ஒன்றரைக் கோடி வாசல்கள். ஒவ்வொன்றும் ஒரு தனி வேலைத்தலம். நெடுஞ்சாலையோரம் வடம் புதைக்கும்போது பொறியாளர் மேற்பார்வையும், அளவுப் புத்தகமும், பரிசோதனைச் சான்றிதழும் உண்டு. வீட்டு முற்றத்தைக் கடக்கும் வேலைக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஓர் ஏணியும் ஒரு கருவிப் பையும் கொண்டு ஒருவர் வந்து, ஒரு மணி நேரத்தில் இணைப்பைக் கொடுத்துவிட்டுச் செல்கிறார். அந்த ஒரு மணி நேரப் பணியின் தரமே, பின்னர் பத்தாண்டுக் காலம் அவ்வீட்டில் இணைப்பு நிலைக்குமா என்பதை நிர்ணயிக்கிறது.

கண்ணாடியும் ஒளியும்

வளைந்த கண்ணாடி இழைகளின் வழியே ஒளியை நடத்திச் செல்ல முடியும் என்பதை இலண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் இணைந்து 1950-களின் முற்பகுதியில் மெய்ப்பித்தவர்களுள் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. அவருக்கு 2021-இல், மறைவுக்குப் பின், பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. அக்காலத்து இழையில் ஒளி சில மீட்டர் தூரத்திலேயே மங்கிவிடும். கண்ணாடியிலுள்ள மாசுகளே இதற்குக் காரணம். அவற்றை நீக்கினால் நெடுந்தொலைவுச் செய்திப் போக்குவரத்துக்கு இழை பயன்படும் என்று 1966-இல் சார்லஸ் காவோ எடுத்துக்காட்டினார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அத்தகைய இழையைச் செய்து காட்டினர். காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று வீடுகளுக்கு வரும் இழையின் கண்ணாடிப் பகுதி 125 மைக்ரோமீட்டர் தடிப்புடையது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே ஒளி செல்லும் கருவோ சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசித்துணுக்கே இந்தப் பாதையை அடைத்துவிடப் போதுமானது. செம்புக் கம்பியைக் கையாண்டு பழகிய கைகள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. செம்புக் கம்பியை முறுக்கி ஒட்டுத்துணி சுற்றினால் ஒருவாறு வேலை செய்யும். கண்ணாடியிடம் அந்தச் சலுகை கிடையாது.

வரவு செலவுக் கணக்கு

ஒளியின் இழப்பை டெசிபல் என்ற அலகால் கணக்கிடுவர். மூன்று டெசிபல் இழப்பு என்றால் ஒளி பாதியாகிவிட்டது என்றும், பத்து டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கே எஞ்சியது என்றும் பொருள். நாட்டில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, மின்சாரம் தேவைப்படாத ஒளிப்பிரிப்பான் வழியே பல கிளைகளாகப் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குச் செல்கிறது. இம்முறையில் பெரும்பாலும் பயன்படும் கருவிகள் நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையே 28 டெசிபல் வரையிலான இழப்பைத் தாங்கும்.

நிலையத்திற்குப் பத்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இழையின் நீளத்தால் சுமார் 3 டெசிபல் போகிறது. 32 கிளைகளாகப் பிரிப்பதால் சுமார் 17 டெசிபல். வழியில் பத்து இடங்களில் இழை உருக்கி ஒட்டப்பட்டிருந்தால், ஒட்டு ஒன்றுக்கு 0.1 வீதம் 1 டெசிபல். ஆறு இணைப்பு முனைகளுக்கு அரை டெசிபல் வீதம் 3. ஆகமொத்தம் செலவு 24, கையிருப்பு 4. பல கிலோமீட்டர் நீளத்திற்கும் செலவானது 3 டெசிபல்தான். ஆனால் வாசல் தூணைச் சுற்றி இறுக்கி மடக்கிய ஒரு வளைவும், துடைக்காமல் செருகிய ஒரு முனையும் சேர்ந்து அந்தக் கையிருப்பு முழுவதையும் விழுங்கிவிடக்கூடும். அன்றைக்கு இணைப்பு வேலை செய்யும். மழை பெய்து வடம் சற்று நெகிழ்ந்ததும் நின்றுவிடும். "கிராமத்துக்கு வந்த இணைப்பு எப்போதும் கோளாறு" என்ற மனக்குறைக்கு இத்தகைய சிறு காரணங்களும் பங்களிக்கின்றன.

மேலேயா, மண்ணுக்குள்ளா?

தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக் கூரைக்கு வடத்தை இழுத்துக் கட்டுவதே எளிது, செலவும் குறைவு. இதற்கென்று எஃகுக் கம்பி ஒன்றைத் துணையாகச் சேர்த்துச் செய்த தட்டையான கறுப்பு வடம் கிடைக்கிறது. கட்டும்போது பாரம் அக்கம்பியின் மீது விழவேண்டுமே தவிர இழையின் மீது விழலாகாது. வாகனங்கள் புகும் வாயிலுக்கு மேலே போதிய உயரம் இருத்தல் வேண்டும்; வைக்கோல் ஏற்றிய வண்டியின் உயரத்தை எண்ணிப் பார்ப்பது நல்லது. தென்னை மட்டை விழும் இடத்தையும், காற்றில் கிளை உரசும் இடத்தையும் தவிர்க்க வேண்டும். விலங்குகளின் தொல்லையும் உண்டு. வாரணாசியில் கங்கைக் கரையோரம் கட்டிய வடங்களைக் குரங்குகள் கடித்துச் சேதப்படுத்தியது 2015-இல் செய்தியாக வந்தது.

கேரளத்தில் வீடுகள் தெருவையொட்டி வரிசையாக அமையாமல், மரங்கள் அடர்ந்த தத்தம் வளவுகளின் நடுவே தனித்தனியே நிற்பது வழக்கம். 2023 ஜூனில் தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபான் என்ற மாநில வலையமைப்பு மின்வாரியக் கம்பங்களைப் பயன்படுத்திக் கொண்டதால், பிரதான வடத்துக்குப் பெருமளவு பள்ளம் தோண்ட வேண்டியிருக்கவில்லை. ஆயினும் கம்பத்திலிருந்து வீட்டை அடையத் தோட்டம் முழுவதையும் கடந்தாக வேண்டும். இத்தகைய இடங்களில் மண்ணுக்குள் வடம் செல்வதே நீடித்த பயன் தரும்.

நெடுஞ்சாலையோரத்தில் 1.65 மீட்டர் ஆழத்தில் வடம் புதைப்பது இந்நாட்டு வழக்கம். வீட்டு வளவுக்கு அவ்வளவு ஆழம் வேண்டியதில்லை. மண்வெட்டி எட்டாத 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழம் போதும். மிகக் குறுகிய வழியைத் தேடுவதைக் காட்டிலும், இனிமேல் யாரும் தோண்ட வாய்ப்பில்லாத வழியைத் தேடுவது மேல். சுற்றுச்சுவரையொட்டிய ஓரம் பெரும்பாலும் ஏற்றது. கழிவுநீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணற்றுக் குழாய், புதிய கன்று நட உத்தேசித்துள்ள இடம் ஆகியவற்றை வீட்டாரிடம் கேட்டறிந்த பிறகே கயிறு கட்டிக் கோடு போட வேண்டும். மின்கம்பி புதைத்திருந்தால் அதிலிருந்து ஓர் அடியாவது விலகிச் செல்வது பாதுகாப்பு.

வடத்தை வெறும் மண்ணில் இடுவது சிக்கனமல்ல. எலியும் மண்வெட்டியும் அதற்குப் பகை. 25 அல்லது 32 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயைப் பதித்து, அதற்குள் வடத்தை இழுப்பதே முறை. வடம் பின்னாளில் பழுதுபட்டால் மீண்டும் தோண்டாமல் புதியதை இழுத்துக்கொள்ளலாம். ஆகவே குழாய்க்குள் ஓர் உபரிக் கயிற்றையும் விட்டுவைப்பது முன்யோசனை. திருப்பங்களில் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் செங்கோண முழங்கையைப் பொருத்துவது சாதாரணமாகக் காணப்படும் பிழை. அங்கே அகன்ற வளைவே வேண்டும். இழுக்கும்போது வடத்தின் விட்டத்தைப் போல் இருபது மடங்குக்கும், பதித்து முடிந்த நிலையில் பத்து மடங்குக்கும் குறையாத ஆரத்தில் வளைவு இருக்க வேண்டும் என்பது பொது விதி. குழாயின் இரு முனைகளையும் அடைத்துவிட்டால் எறும்பும் நீரும் புகா. குழாய்க்கு மேலே ஒரு சாண் மண் போட்டு, எச்சரிக்கை நாடா ஒன்றை விரித்து, பிறகு பள்ளத்தை மூடலாம்.

உலோகமே இல்லாத வடத்தைப் புதைத்த பின் எந்தக் கருவியாலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. எனவே குழாயோடு ஒரு மெல்லிய செம்புக் கம்பியைச் சேர்த்துப் புதைப்பதுண்டு. சுவரிலிருந்து இத்தனை அடி என்று குறித்த ஒரு கைவரைபடமும் அதே பயனைத் தரும்; அதற்குச் செலவு ஒரு தாள்.

இடியும் மின்வெட்டும்

வெட்டவெளியைக் கடந்து வரும் செம்புக் கம்பி, அருகில் இடி விழும்போது அதன் மின்வீச்சை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். தொலைபேசிக் கருவிகள் இவ்வாறு கருகியது பலருக்கு நினைவிருக்கும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வளவைக் கடக்க ஒளியிழை ஏற்றதாவதற்கு வேகத்தைப் போலவே இதுவும் ஒரு காரணமாகும். ஆனால் துணைக்கு நிற்கும் எஃகுக் கம்பி கடத்தும். அதை வெளிச்சுவரில் உள்ள கொக்கியோடு நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே விட வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் கவனத்திற்குரியது. பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் நிலையத்திலிருந்தே கம்பி வழியே வந்தது. மின்வெட்டிலும் மணி அடித்தது. ஒளியிழை மின்சாரம் கொண்டுவருவதில்லை. வீட்டிலுள்ள கருவிக்குச் சிறு மின்கலம் ஒன்றைப் பொருத்தாவிடில், புயல் நாளில் மின்சாரம் நின்றதும் இணைப்பும் நிற்கும்.

முனையும் கையும்

சுவரில் துளையிடும்போது அது வெளிப்புறம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். வடமும் துளைக்கு முன் ஒரு சிறு தொங்கல் வளைவு கொண்டிருந்தால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். உள்ளே பெட்டிக்கு அருகில் ஓரிரு மீட்டர் வடத்தை உபரியாகச் சுருட்டி வைப்பது, பின்னர் முனை உடைந்தால் மறுபடி ஒட்டுவதற்கு உதவும்.

முனையைப் பொருத்த இரண்டு வழிகள் உள்ளன. ஆயத்த முனையோடு கூடிய துண்டு இழையை மின்பொறியால் உருக்கி ஒட்டுவது ஒன்று. கையாலேயே செருகிப் பூட்டும் முனையைப் பொருத்துவது மற்றொன்று; இது விரைவானது, விலை குறைந்த கருவியே போதும். ஆனால் இழப்பு கூடுதல். நாளடைவில் தளரவும் செய்யும். இம்முனைகளில் பச்சை நிறத்தது எட்டுப் பாகை சாய்வாகவும், நீல நிறத்தது சாய்வின்றியும் தேய்க்கப்பட்டவை. இரண்டும் ஒன்றோடொன்று செருகிக்கொள்ளும். எனினும் இடையில் இடைவெளி விழுந்து ஒளி சிதறும். நிறம் பார்த்துச் செருகுவது பள்ளி மாணவனும் கற்கக்கூடிய பாடமே, கற்பிப்பார்தான் வேண்டும். வெட்டி எறியும் கண்ணாடித் துணுக்கு தோலில் ஏறினால் எடுப்பது அரிது. அதை ஒட்டும் நாடாவில் சேகரிக்க வேண்டும். இழையில் செல்லும் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது என்பதால், முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பதும் ஆகாது.

பொது இடத்தில் வடம் செல்லும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வழியுரிமை விதிகளும் ஒழுங்குபடுத்துகின்றன. பிறர் தோண்டுவதால் வடம் அறுபடுவதைத் தடுக்க, தோண்டுமுன் தகவல் தரும் செயலி ஒன்று 2023 மார்ச்சில் தொடங்கப்பட்டது. தனியார் நிலத்தில் உரிமையாளரின் உடன்பாடே அடிப்படை. அண்டை வீட்டாரின் வளவைக் கடந்து வடம் செல்ல நேர்ந்தால், வாய்ச்சொல்லோடு விட்டுவிடாமல் எழுத்தில் பெறுவது பின்னாளைய பூசலைத் தவிர்க்கும்.

பணி முடிந்ததும் ஒளிமானியைச் செருகினால் வீட்டை வந்தடையும் ஒளியின் அளவு தெரியும். கருவி தாங்கும் எல்லை பொதுவாக மைனஸ் 27 டிபிஎம். மைனஸ் 20 அல்லது 22 என்று வந்தால் இணைப்பு நலமாக உள்ளது. இந்த எண்ணைத் தேதியுடன் ஓர் அட்டையில் எழுதி, வடம் செல்லும் வழியின் வரைபடத்தையும் சேர்த்துச் சுவர்ப் பெட்டிக்குள் ஒட்டிவைக்க ஐந்து நிமிடம் போதும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மைனஸ் 26 என்று காட்டினால், இணைப்பு அறுமுன்பே எங்கோ ஒரு வளைவு இறுகியிருக்கிறது அல்லது ஒரு முனையில் ஈரம் புகுந்திருக்கிறது என்று வருபவர் அறிந்துகொண்டு, வாசல் தூணிலிருந்து தேடத் தொடங்கலாம்.