மேற்பார்வையும் பொறுப்புக்கூறலும்: ஆள்களப் பெயர் ஆட்சியில் இரு சொற்கள்

இணைய ஆள்களப் பெயர்களின் நிருவாகம் குறித்த ஆவணங்களை மொழிபெயர்ப்போர், வேறுபட்ட இரு கருத்தாக்கங்களைப் 'பொறுப்பு' என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடுவதுண்டு. மேலிருப்பவர் ஒரு செயலுக்கு இசைவு தருவது ஒன்று. செயலைச் செய்தவர் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டிருப்பது மற்றொன்று. இவ்வேறுபாடு மறைந்தால் 2016இல் நிகழ்ந்த மாற்றம் தமிழில் விளங்காது.

1998இல் கலிபோர்னியாவில் தோன்றிய ஐகான், இலாப நோக்கற்ற தனியார் அமைப்பாகும். எனினும் 2016 வரை வேர்க் கோப்பில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்கு அமெரிக்க வணிகத்துறையின் தொலைத்தொடர்பு, தகவல் நிருவாகப் பிரிவு ஒப்புதல் அளிக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரே வெரிசைன் நிறுவனம் அதனைப் பதிவு செய்தது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்னும் தமிழ் எழுத்துப் பெயர்களும் இவ்வழியே ஏறியவை. தமிழில் எழுதப்பட்ட நாட்டுப் பெயருக்கு வாஷிங்டன் இசைய வேண்டியிருந்தது என்பதே 'மேற்பார்வை' என்னும் சொல்லுக்குப் போதிய விளக்கம். அவ்வொப்புதல் பெரும்பாலும் நடைமுறைச் சரிபார்ப்பே. ஆயினும் மறுக்கும் வாய்ப்பு ஓர் அரசிடம் மட்டுமே இருந்தது.

இப்பங்கினைக் கைவிடும் நோக்கத்தை 2014 மார்ச்சில் அமெரிக்கா அறிவித்தது. தன்னிடத்தில் வேறோர் அரசோ அரசுகளின் கூட்டமைப்போ அமர்வதை ஏற்பதில்லை என்றும் கூறிற்று. 2016 அக்டோபர் 1இல் ஒப்பந்தம் முடிவுற்றது. திருத்திய துணைவிதிகளின்படி ஐந்து பிரிவுகள் கொண்ட சமூகம் ஐகானின் வரவுசெலவுத் திட்டத்தை நிராகரிக்கலாம், இயக்குநர்களை நீக்கலாம். அரசுகளின் ஆலோசனைக் குழுவும் அவ்வைந்தில் ஒன்று. அக்குழு ஒருமித்து வழங்கும் அறிவுரையைத் தள்ளுவதற்கு இயக்குநர் அவையில் 60 விழுக்காட்டு வாக்குகள் தேவை. ஆகவே அரசு மறைந்துவிடவில்லை. ஒப்புதல் தரும் இடத்தினின்று விளக்கம் கேட்கும் இடத்திற்குப் பெயர்ந்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'பொறு' என்னும் வினையடி சுமத்தலைக் குறிப்பது. 'பொறுப்பு' சுமப்பவரைக் காட்டும், கேட்பவரைக் காட்டாது. தமிழகத்தில் சிலர் ஆளும் 'பொறுப்புடைமை' ஒரு நற்பண்பாகவே ஒலிக்கிறது. கிறித்தவத் தமிழின் 'கணக்கொப்புவித்தல்' மிகப் பொருத்தமானதே. ஆனால் நிருவாக ஆவணத்தில் அது பணக்கணக்கெனவே கொள்ளப்படும். இலங்கை வழக்கான 'பொறுப்புக்கூறல்' ஏற்புடையது. கூறல் என்றதும் கேட்பவர் ஒருவர் வேண்டப்படுகிறார்.

வேற்றுமையும் இங்குத் துணைநிற்கிறது. 'ஐகான் சமூகத்திற்குப் பொறுப்பு' என்னும் தொடரில் குவ்வுருபு இருபொருள் தரும்: சமூகத்தை ஐகான் சுமக்கிறதா, சமூகத்திற்கு விடை சொல்கிறதா என்பது தெளிவில்லை. 'ஐகான் சமூகத்திடம் பொறுப்புக்கூறும்' என்பதில் அம்மயக்கம் இல்லை.