மலை கொடுக்காத ஐஸ்

பிரான்ஸில் ஐஸ் ஹாக்கி தேசியப் பட்டத்தை மிக அதிக முறை வென்றிருப்பது 9,000 பேர்கூட நிரந்தரமாக வசிக்காத ஒரு மலையூரின் அணி. மோன் பிளாங் சிகரத்தின் அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,035 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஷாமோனிதான் அந்த ஊர். 1923இலிருந்து 1979 வரை 30 பட்டங்கள். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களைக் கொண்ட அணி ஒன்றை அந்த ஊர் இன்னமும் வைத்திருக்கிறது. நாட்டின் முதல் பிரிவான லீக் மாக்னுஸில் தன்னைவிடப் பத்து, இருபது மடங்கு பெரிய நகரங்களோடு மோதுகிறது. மலையூர், பனி கொட்டும் இடம், ஐஸ் ஹாக்கி அங்கே வளராமல் வேறெங்கே வளரும் என்று பலரும் நினைப்பார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஷாமோனிக்கு ஹாக்கியைக் கொண்டுவந்தது மலைதான். ஆனால் கடந்த அரை நூற்றாண்டாக அதைப் பிழைக்க வைத்திருப்பது நகராட்சி பராமரிக்கும் ஒரு கூரையும், அதன் கீழே ஓயாமல் ஓடும் குளிர்பதன இயந்திரமும்தான்.

தொடக்கத்தில் மலையின் பங்கு பெரியது என்பதை மறுக்க வேண்டியதில்லை. சர்வதேச ஐஸ் ஹாக்கிச் சங்கம் 1908இல் பாரிஸில் லூயி மாக்னுஸ் என்பவரின் முயற்சியால் உருவானது. முதல் பிரிவு அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அடுத்த ஆண்டே ஷாமோனியில் வெளிநாட்டு அணிகள் மோதின. 1924 ஜனவரியில் 16 நாடுகள் கலந்துகொண்ட 'குளிர்கால விளையாட்டு வாரம்' அங்கே நடந்தது. அதைத்தான் பிற்பாடு முதல் குளிர்கால ஒலிம்பிக் என்று அங்கீகரித்தார்கள். திறந்தவெளியில், இயற்கையாக உறைந்த தளத்தில் கனடா சுவிட்சர்லாந்தை 33-0 என்று நசுக்கியது. ஆனால் ஆறே ஆண்டுகளில், 1930 உலகப் போட்டியின்போது, அதே ஷாமோனியில் வெயில் ஏறித் தளம் இளகிவிட்டது. மீதி ஆட்டங்களை பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் மாற்ற வேண்டியதாயிற்று. உலகப் போட்டியை நடத்தும் அளவுக்கு மலையை நம்பிய ஊரை மலை கைவிட்ட கதை இது. பனிப்பொழிவு அதிகமாக இருந்தாலும் இந்த விளையாட்டுக்கு லாபமில்லை. தளத்தின் மேல் விழும் பனியை வாரிக் கொட்டுவதே பெரிய வேலை. தேவைப்படுவது மட்டமான, கெட்டியான, இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் வரை மாறாமல் இருக்கும் ஐஸ். அதை எந்த மலையும் உத்தரவாதமாகத் தருவதில்லை.

கான்கிரீட்டுக்குள் குழாய்களைப் பதித்து, குளிர்ந்த திரவத்தை அவற்றில் ஓடவிட்டு, மேலே நீர் தெளித்து உறைய வைக்கும் முறை பரவியதும் ஐஸ் எங்கும் கிடைக்கும் பொருளாகிவிட்டது. பிரான்ஸின் பட்டியலைப் பார்த்தால் விளைவு தெரியும். 1979 வரை ஷாமோனியும், 1980களின் நடுப்பகுதிவரை அதே மோன் பிளாங் பகுதியின் சேன் ஜெர்வேயும் பட்டங்களை அள்ளின. 1990இல் நோர்மாண்டிச் சமவெளியில், சேன் நதிக்கரையில் இருக்கும் ரூவான் முதன்முறையாக வென்றது. அதற்குப் பிறகு அந்த அணி 15க்கும் மேற்பட்ட பட்டங்களைக் குவித்திருக்கிறது. அட்லாண்டிக் ஓரத்துத் துறைமுகமான பிரெஸ்ட்கூட 1996, 1997 இரண்டு முறை சாம்பியன். கடந்த பத்தாண்டில் போர்தோவும், கடலோர அணிகளான ஆங்லே, நீஸ் ஆகியவையும் முதல் பிரிவில் ஆடியிருக்கின்றன. சிற்றூர் ஒன்று எதிர்த்து நின்றது என்று சொல்ல 2014இல் பட்டம் வென்ற பிரியான்சோன் இருக்கிறது. அது விதிவிலக்காகவே நின்றுவிட்டது. காரணம் கணக்கு. களத்தில் ஒரு நேரத்தில் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர்தான் என்றாலும், ஒருவர் ஒரு நிமிடத்துக்குக் குறைவாகவே முழு வேகத்தில் ஓட முடியும். மாற்றி மாற்றி இறங்க இருபது பேர் வேண்டும். அத்தனை பேருக்கும் சம்பளம், வீடு, பயணச் செலவு.

அப்படியானால் ஷாமோனி ஏன் இன்னும் விடவில்லை? அந்த ஊரில் யார் வாழ்கிறார்கள் என்று பார்த்தால் பதில் புலப்படும். வீடுகளில் பாதிக்கும் மேல் வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள். 1999இல் சுமார் 9,800ஆக இருந்த மக்கள்தொகை அதன்பின் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. வாடகைக்கு வீடு கிடைக்காமல் இளம் குடும்பங்கள் பள்ளத்தாக்கின் கீழே இறங்குகின்றன. கேபிள் காரும் பனிச்சறுக்குச் சரிவும் உணவகமும் வருகிறவர்களை நம்பி நடப்பவை. ஐஸ் அரங்கின் வார அட்டவணையோ பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களுக்கானது: சிறுவர் பயிற்சி, பள்ளி வகுப்பு, பெரியவர்களின் பொழுதுபோக்கு ஆட்டம், வாரக் கடைசியில் முதல் அணியின் போட்டி. அந்த முதல் அணிதான் மற்ற மணிநேரங்களுக்கும் ஒரு நியாயத்தைத் தருகிறது. ஊதியம் பெறும் பயிற்சியாளர்கள் ஊரில் இருப்பதும், ஆண்டுக்கு ஏழெட்டு மாதம் ஐஸ் உறைந்தே இருப்பதும் அதனால்தான் சாத்தியம். முதல் அணி போய்விட்டால், சுற்றுலாப் பருவத்தில் மட்டும் திறக்கும் வாடகை ஸ்கேட் கூடமாக அரங்கு சுருங்குவது எளிது.

கனடாவிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் வந்து ஒரு பருவம் ஆடிவிட்டுப் போகிறவர்களுக்கு ஊர் வரிப்பணம் எதற்கு என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். ஆனால் பிரெஞ்சுச் சட்டம் இதில் ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. தொழில்முறைக் கழகத்துக்கு அரசும் உள்ளாட்சிகளும் தரும் மானியம் பொதுநலப் பணிகளுக்காக மட்டும் இருக்க வேண்டும்: இளைஞர் பயிற்சி, கல்வி, சமூக ஒருங்கிணைப்பு, அரங்கப் பாதுகாப்பு போன்றவை. ஒரு பருவத்துக்கு உச்ச அளவு 23 லட்சம் யூரோ. சிற்றூர்க் கழகங்கள் அந்த உச்சத்தைக் கனவில்தான் பார்க்கும். பணம் எந்தச் சட்டைப்பையிலிருந்து எதற்குப் போகிறது என்பதை நடைமுறையில் பிரித்துக் காட்டுவது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மருந்து கணக்கை இறுக்கமாகப் பார்ப்பது. பிரெஞ்சு ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் நிதிக் கண்காணிப்புக் குழு அதைத்தான் செய்கிறது. கணக்கு ஒத்துவராத கழகத்தைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

சிற்றூர்கள் தனித்தனியே திணறுவதைவிட இணைந்துவிடலாமே என்பது இன்னொரு யோசனை. அது சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். முதல் பிரிவை 14 அணிகளிலிருந்து 12ஆகக் குறைத்த 2016இல், ஷாமோனியும் மோர்சின்-அவோரியாவும் தங்கள் பழைய பெயர்களைக் கைவிட்டு 'முன்னோடிகள்' என்ற ஒரே அணியாயின. ஏட்டில் கச்சிதமான ஏற்பாடு. ஆனால் இரண்டு ஊர்களுக்கும் இடையே மலைச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர்கால இரவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யாரும் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்வருவதில்லை. சில ஆண்டுகளுக்குள் கூட்டு கலைந்தது. மோர்சின் தன் பெயரிலேயே கீழ்ப் பிரிவில் மறுபடி தொடங்கியது. ஷாமோனி முதல் பிரிவில் தொடர்ந்தது. அணியைச் சேர்க்க முடியும், அரங்கைச் சேர்க்க முடியாது. கழகத்தை ஒரு வணிகச் சின்னமாகப் பார்த்தவர்களுக்கு இது புரியவில்லை என்றே நினைக்கிறேன்.

கழகத்தை ஆதரிக்கிறவர்கள் சொல்லும் ஒரு வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை: மலைதான் நட்சத்திரங்களைத் தருகிறது என்பது. ஷாமோனியில் பிறந்து, 1992இல் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்காக வட அமெரிக்க லீக்கில் இறங்கிய ஃபிலிப் போசோன், பிரான்ஸில் பயிற்சி பெற்று அந்த லீக்கில் ஆடிய முதல் ஆட்டக்காரர். பெருமைக்குரியவர், ஐயமில்லை. ஆனால் அவருக்குப் பின் போன கிறிஸ்தோபால் ஊவே கிரெனோபிள் நகர்ப்பகுதிக்காரர். அந்துவான் ரூசெல் வடக்கே ரூபேயில் பிறந்தவர். பியேர்-எதுவார் பெல்மார் பாரிஸ் புறநகரில் பிறந்தவர். திறமை அரங்கு இருக்கும் இடத்தில் வளர்கிறது, உயரத்தைப் பார்த்து அல்ல. 2030 குளிர்கால ஒலிம்பிக்கை பிரெஞ்சு ஆல்ப்ஸுக்கு 2024இல் வழங்கியபோது, அதன் திட்டத்தில் ஐஸ் ஹாக்கிக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடமும் மத்தியதரைக் கடலோர நீஸ்தான். ஷாமோனி இதைத் துரோகமாக எண்ணத் தேவையில்லை. அந்த ஊர் இனி தீர்மானிக்க வேண்டியது ஏறிவரும் மின்கட்டணத்தைப் பற்றி: பழைய இயந்திரங்களை மாற்றி, ஐஸை உறைய வைக்கும்போது வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து வேறு கட்டடங்களைச் சூடாக்க நகராட்சி எவ்வளவு செலவிடும், அந்தச் செலவைப் பயணிகள் மேல் போடுமா, குடியிருப்பவர்கள் மேல் போடுமா என்பதைப் பொறுத்தே முதல் அணி இன்னும் எத்தனை பருவம் ஆடும் என்பது அமையும்.