குடும்பப் பெயர்களின் கதை – 9: நின்ற இடத்தில் நடந்தவர்கள்

உயரமான தொப்பி, முழங்கால் வரை காலணி, கையில் தடி. ஜானி வாக்கர் பாட்டிலின் லேபிளில் எட்டி நடைபோடும் அந்தக் கனவானை மது தொடாதவர்களுக்கும் தெரியும். ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் ஜான் வாக்கர் மளிகைக் கடை திறந்தது 1820-ல். டாம் பிரவுன் என்ற கேலிச்சித்திரக்காரர் அந்த நடைக்காரரை வரைந்தது 1908-ல். வாக்கர் என்ற பெயருக்குப் பொருத்தமான படம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்தப் பெயரை முதலில் வாங்கியவர்கள் எந்தச் சாலையிலும் நடந்து பெயரெடுக்கவில்லை. தொட்டிக்குள் இறங்கி, நாற்றமடிக்கும் நீரில், நின்ற இடத்திலேயே நாள் முழுக்க மிதித்தவர்கள் அவர்கள்.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது. இழைகளுக்கு நடுவே சந்து இருக்கும். ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கும் போயிருக்காது. அதைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரோ ஒருவகைக் களிமண்ணோ சேர்த்து மிதிப்பார்கள். சிறுநீர் நாள்பட்டால் அதில் அமோனியா உண்டாகும். அது பிசுக்கை அறுக்கும். அந்தக் களிமண் வேறொன்றுமில்லை, நம் வீடுகளில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியின் வகைதான். மிதிக்க மிதிக்க ரோம இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். துணி சுருங்கித் தடிக்கும்; காற்றுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கும். பிறகு மரச்சட்டங்களில் கொக்கிகள் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள்.

ரோமானியர் காலத்திலேயே இது தனித் தொழில். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் இதற்கான பட்டறைகள் தொட்டிகளோடு கிடைத்திருக்கின்றன. அங்கே துணி வெளுக்கும் வேலையும் நடந்தது. இந்தத் தொழிலுக்குச் சிறுநீர் எவ்வளவு தேவைப்பட்டதென்றால், பேரரசர் வெஸ்பாசியன் அதன்மேல் வரியே போட்டார்.

இங்கிலாந்தில் இந்த ஒரு வேலைக்கு மூன்று பெயர்கள் வழங்கின. தென்கிழக்கே சசெக்ஸ், கென்ட், நார்ஃபோக் பக்கம் ஃபுல்லர். அது லத்தீனிலிருந்து வந்தது. தென்மேற்கே டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். வதைப்பது என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் அதன் வேர். துணியைப் படுத்திய பாட்டை நினைத்தால் பொருத்தம்தான். வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர். உருட்டுவது, புரட்டுவது என்பதே அந்தச் சொல்லின் பழைய பொருள். காலால் நடப்பது என்ற பொருள் பின்னால்தான் நிலைத்தது.

எக்ஸெட்டர் நகரில் துணித் தொழிலாளர் சங்கம் 1471-ல் கட்டிய மண்டபம் இன்றும் நிற்கிறது. அதன் பெயர் டக்கர்ஸ் ஹால். அதே மண்டபம் யார்க்‌ஷயரில் எழுந்திருந்தால் டக்கர் என்ற பெயர் அதற்கு வாய்த்திருக்காது. ஆங்கிலேயர் ஒருவரின் தந்தைவழி மூதாதை எந்தத் திசையில் வாழ்ந்திருப்பார் என்று ஊகிக்க, மரபுப்பெயர் ஆய்வாளர்களுக்கு இந்த மூன்று பெயர்களும் இன்றும் உதவுகின்றன.

இங்கேதான் கதையில் ஒரு முடிச்சு விழுகிறது. தந்தையின் பட்டப்பெயர் மகனுக்கும் பேரனுக்கும் தொடரும் வழக்கம் இங்கிலாந்தின் சாமானியரிடையே மெல்ல வேரூன்றியது 13, 14-ஆம் நூற்றாண்டுகளில். 1377, 1379, 1381 ஆண்டுகளில் தலைவரி வசூலித்தபோது எழுத்தர்கள் ஊர் ஊராக ஆட்களைப் பெயரிட்டுப் பதிந்தார்கள். ஆனால் அதற்கு வெகுமுன்பே தொட்டியிலிருந்து கால்கள் வெளியேறத் தொடங்கிவிட்டன. டெம்ப்ளர் என்ற துறவு வீரர் அமைப்பின் 1185-ஆம் ஆண்டுச் சொத்துக் கணக்கிலேயே, தண்ணீரால் ஓடும் துணி ஆலை இடம்பெற்றுவிட்டது. நீர்ச்சக்கரம் சுழல, மரச்சம்மட்டிகள் மாறி மாறி எழுந்து துணிமேல் விழும். அந்த ஓசை சாதாரணமானதல்ல. செர்வாண்டெஸ் 1605-ல் வெளியிட்ட நாவலில், இருட்டில் கேட்கும் இந்தச் சம்மட்டிச் சத்தத்தைப் பெரும் ஆபத்தென்று எண்ணி டான் கிஹோட்டே வீரசாகசத்துக்குத் தயாராகிறார். விடிந்த பிறகுதான் குட்டு வெளிப்படுகிறது.

புது எந்திரம் வந்தால் சண்டையும் வரும். செயின்ட் ஆல்பன்ஸ் மடாதிபதி, ஊரார் எல்லோரும் தன் ஆலையில்தான் துணியைக் கொடுக்கவேண்டும், கூலி தனக்குத்தான் வரவேண்டும் என்றார். வீட்டிலேயே மிதித்துக்கொண்டிருந்த மக்கள் மறுத்தார்கள். 1274-ல் வழக்கு அரச நீதிமன்றம் வரை போனது, வென்றது மடம். லண்டனில் வேறு விதமான புகார். நகரத்துத் துணியை வெளியே ஸ்ட்ராட்ஃபோர்டு ஆலைகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று 1298-ல் முறையீடு எழுந்தது.

ஆக, 1379-ல் வரி எழுத்தர் 'வாக்கர்' என்று பதிந்த ஆட்களில் பலர் துணியை ஒருநாளும் மிதித்திருக்க மாட்டார்கள். ஆலையின் மதகைத் திறந்து மூடி, சம்மட்டிக்கு அடியில் துணியைப் புரட்டிவிட்டவர்களாக இருந்திருப்பார்கள். சிலருக்கு அந்தத் தொழிலே பாட்டனாரோடு போயிருக்கும். வேலை மாறியபோதும் அக்கம்பக்கத்தார் வாய் மாறவில்லை. அந்த வாய்வழக்கைத்தான் எழுத்தர் ஏட்டில் ஏற்றினார்.

ஏறிய பெயர் அதன்பின் எங்கெங்கோ போனது. 1620-ல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா சென்றவர்களில் எட்வர்ட், சாமுவேல் என்ற ஃபுல்லர் சகோதரர்கள் உண்டு. நார்ஃபோக்காரர்கள், பெயரும் ஊரும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பிற்காலத்தில் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற அமெரிக்கர் முக்கோணங்களை இணைத்துக் குவிமாடம் கட்டிப் புகழ்பெற்றார். 1985-ல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூறைக் கண்டறிந்தவர்கள், அந்தக் குவிமாடங்களை நினைத்து அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பு 1996-ல் வேதியியல் நோபலும் வாங்கியது.

வாக்கர் போன பாதை வேறு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே அது மிகப் பரவலான பெயர். அடிமை முறை இருந்த நாட்டில் எஜமானர்களின் பெயர்கள் அடிமைகள்மேலும் படிந்தன. விடுதலைக்குப் பிறகும் பல குடும்பங்களில் அவையே தங்கிவிட்டன. நாவலாசிரியர் ஆலிஸ் வாக்கர் போன்றோரின் பெயருக்குப் பின்னால் யார்க்‌ஷயரின் கம்பளித் தொட்டியைத் தேடுவது வீண்வேலை. அங்கே அந்தப் பெயர் சொல்லும் வரலாறு பருத்திக் காட்டினுடையது.

தொழிற்பெயரைப் படிக்கும்போது நினைவில் வைக்கவேண்டியது இது. யாரோ ஒரு தலைமுறையில், யாரோ ஒருவரை ஊர் எப்படிக் கூப்பிட்டது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அந்தப் பெயர் யார் கைக்கு எப்படிப் போனது என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத்தான் விசாரிக்கவேண்டும்.

அடுத்த வாரம்: துணியை மிதித்தவருக்கு மூன்று பெயர் என்றால், நெய்தவருக்கு எத்தனை? வெப், வெப்பர், வெப்ஸ்டர், வீவர் நால்வரையும் ஒரே தறியில் உட்கார வைப்போம்.