பத்துக்குப் பத்து அறையில் தியேட்டர் ஒலி!

தாராவியில் பத்துக்குப் பத்து அறை. இரவுப் பணி முடித்து வந்த அண்ணன் ஒரு மூலையில் தூக்கம். மறு மூலையில் பரீட்சைக்குப் படிக்கும் தங்கை. சுவருக்கு அந்தப் பக்கம் பச்சைக் குழந்தை. இந்த வீட்டில் ஐந்து ஒலிபெருக்கிகளை மாட்டிப் படம் பார்க்க முடியுமா? பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்தான் சும்மா விடுவாரா?

ஒலிபெருக்கியே வேண்டாம். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால், சாதாரண ஹெட்போன் ஒன்று போதும்.

இரண்டு காதுதானே!

முதுகுக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தால், திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது. எப்படி? வலப்பக்கத்து ஓசை வலது காதை முதலில் தொடும். இடது காதுக்குப் போய்ச் சேர ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதம். தலை குறுக்கே நிற்பதால் ஓசையும் கொஞ்சம் மட்டுப்படும். 1907-ல் ராலே பிரபு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதை விளக்கினார். ஓசை முன்னாலா பின்னாலா என்பதைக் காட்டிக் கொடுப்பவை காதுமடலின் மடிப்புகள். இந்த வித்தியாசங்களைக் கணக்குப் போட்டு ஒலியில் கலந்துவிடுகிறது மென்பொருள். மூளை ஏமாந்து போகிறது!

அமைப்பது எப்படி?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘விண்டோஸ் சோனிக்’ இலவசமாகவே இருக்கிறது. விண்டோஸ் 11-ல் ஹெட்போனைச் சொருகி, செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், ஹெட்போனின் பெயரைத் தட்ட வேண்டும். அங்கே ‘ஸ்பேஷியல் சவுண்ட்’ என்ற இடத்தில் சோனிக்கைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. டால்பி அட்மாஸ், டி.டி.எஸ். இரண்டும் காசு கொடுத்து வாங்குபவை. அவற்றையும் முதலில் இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

பணம் கட்டும் முன்...

படத்திலேயே 5.1 ஒலி பதிவாகியிருக்க வேண்டும். ஒரே தடத்தில் பதிவான எம்.ஜி.ஆர். காலத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, “பின்னால் ஒன்றும் கேட்கவில்லையே” என்று மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. இணையத்தில் பிரவுசர் வழியாகப் பார்க்கும் படங்களும் பெரும்பாலும் இரண்டு தட ஒலியோடுதான் வருகின்றன. ஹெட்போனோடு வரும் மென்பொருளையும் விண்டோஸில் உள்ளதையும் சேர்த்துப் போட்டால், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். ஒன்றை அணைத்துவிட வேண்டும்.

இன்னொன்று. மென்பொருள் போடும் கணக்கு சராசரிக் காதுக்கானது. காதுமடலோ ஆளுக்கு ஆள் வேறு. அதனால் அண்ணனுக்குப் பின்னால் கேட்கும் துப்பாக்கிச் சத்தம், தம்பிக்கு நெற்றிக்கு நேரே கேட்கலாம். காதிலும் கோளாறில்லை, ஹெட்போனிலும் கோளாறில்லை. விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கினாலும் இது மாறிவிடும் என்று சொல்ல முடியாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

5.1 ஒலியுள்ள படத்தில் ஹெலிகாப்டர் வரும் காட்சி ஒன்றைப் போட்டு, மென்பொருளை ஒருமுறை போட்டும், ஒருமுறை அணைத்தும் கேட்டாலே தெரிந்துவிடும். ஆனால் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். வாசலிலிருந்து அம்மா கூப்பிடுவது எந்தத் திசையிலிருந்தும் கேட்காது.