வெடிக்குப் பின் ஒரு பொறை

சென்னை கள்ளிக்குப்பத்தில் பட்டாசு தீபாவளிக்கு மட்டும் வெடிப்பதில்லை. ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது வெடிக்கும். கட்சித் தலைவர் பிறந்தநாளுக்கு வெடிக்கும். சேப்பாக்கத்தில் சென்னை ஜெயித்தால் நடு ராத்திரியில் வெடிக்கும். இறுதி ஊர்வலம் கிளம்பினால் வழிநெடுகச் சரவெடி. நமக்கு ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும். வீட்டு நாய்க்குக் காரணமும் தெரியாது, எப்போது முடியும் என்பதும் தெரியாது. அதன் பயத்தில் சத்தத்துக்கு இருக்கும் பங்கைவிட இந்தத் தெரியாமைக்கு இருக்கும் பங்கு பெரிது என்றே நினைக்கிறேன்.

சத்தம் சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசுக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் 16 மீட்டர் தள்ளி நின்றாலும் 113 டெசிபல். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் நெருக்கி நிற்கும் தெருவில், சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அடிப்பதால் அந்தக் குறைவும் முழுதாகக் கிடைப்பதில்லை. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை கேட்கும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். இடிக்குப் பயப்படும் நாய்களுக்கு இடி மழையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. நாய்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் 207 சதவீதம் உயர்ந்தது. 40 நிமிடம் கழித்தும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. பத்தாயிரம் வாலா ஓய்ந்ததும் "அவ்வளவுதான்டா, முடிஞ்சுபோச்சு" என்கிறோமே, நாய்க்கு முடிவதில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ரீமர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பட்டாசுக்குப் பயப்படும் நாய்களில் முக்கால்வாசி மறுநாள் காலைக்குள் தேறிவிட்டன. சில நாய்களுக்கு ஒரு வாரம்வரை ஆனது. மிகச் சிலவற்றுக்கு அதற்கும் மேல்.

தெரியாமை பற்றிச் சொன்னேன். நிறுத்த வழி இல்லாமையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அதற்கு நாய்களை வைத்தே செய்த பழைய சோதனை ஒன்று உண்டு, படிக்கவே கஷ்டமாக இருக்கும். 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் இரண்டு கூட்டம் நாய்களுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு கூட்டம் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். மற்றது என்ன செய்தாலும் நிற்காது. பிறகு, தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டபோது, முதல் கூட்டம் தப்பியது. இரண்டாவதில் பெரும்பாலானவை முயற்சியே செய்யாமல் படுத்துக்கொண்டன. வலி இரண்டுக்கும் ஒன்றுதான், கையில் இருந்த வழிதான் வேறு. தீபாவளியன்று போர்ட்டிகோவில் சங்கிலியில் கட்டிய நாய் சத்தமே போடாமல் கிடந்தால், "பழகிடுச்சு" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே முதல் வேலை, சங்கிலியை அவிழ்த்து வீட்டுக்குள் விடுவது. கட்டிலுக்கு அடியோ, பாத்ரூமோ, பீரோ இடுக்கோ, அதுவாகத் தேர்ந்தெடுக்கும் இடத்தை அதற்கே விட்டுவிடுங்கள். இழுத்து வெளியே கொண்டுவந்து "தைரியப்படுத்த" வேண்டாம். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, டிவியைப் போட்டால் வெடிச் சத்தத்துக்கும் அமைதிக்கும் இடையிலான மேடுபள்ளம் குறையும். நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று சொல்வார்கள். பயம் பரிசு கொடுத்து வளர்க்கும் பழக்கமல்ல. அது பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலைக்கு ஒரு டப்பா பொறை போதும். கோழித் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. வெளியே வெடித்த மறு நொடி ஒரு துண்டு. அடுத்த வெடிக்கு அடுத்த துண்டு. வரிசை முக்கியம்: வெடி முதலில், தீனி பிறகு. மாற்றிக் கொடுத்தால் பொறை டப்பாவைக் கண்டாலே நாய் ஓட ஆரம்பிக்கும். ரீமர் 1,225 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தீனியோ விளையாட்டோ கொடுத்தது உதவியது என்று 70 சதவீதத்துக்கும் மேலானவர்கள் சொன்னார்கள். மூலிகை, ஹோமியோபதி, வாசனை மருந்து வகைகளுக்கு அப்படிச் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வளர்ப்பவர்கள் வாயால் சொன்னதுதான், அளந்து பார்த்ததல்ல. இருந்தாலும் இடைவெளி பெரிது.

முன்கூட்டியே தயாராவதற்குத் தீபாவளி எவ்வளவோ மேல். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தபோது, தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டது. அந்த நேரத்தை யார் மதிக்கிறார்கள் என்பது தெருவுக்குத் தெரியும். ஆனாலும் தேதி கையில் இருக்கிறது: விடிவதற்கு முன்பே நாயை வெளியே கூட்டிப்போய் வந்துவிடலாம், கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதிவிடலாம். இறுதி ஊர்வலத்துக்குக் காலண்டர் கிடையாது. ஆனால் வெடிக்கு முன்னால் மேளம் கேட்டுவிடும். ஊர்வலம் நம் தெருவுக்கு வருவதற்குள் ஜன்னலைச் சாத்தி டப்பாவை எடுக்க அந்தச் சில நிமிடம் போதும்.

கதவைப் பிறாண்டி நகம் பெயர்த்துக்கொள்ளும் அளவுக்குப் போகும் நாய்க்குப் பொறை போதாது, கால்நடை மருத்துவர்தான் வேண்டும். மருத்துவர் எழுதித் தரும் பய மருந்தும் அதே 2020 ஆய்வில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்குக் கைகொடுத்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் ஓடாமல் இரண்டு வாரம் முன்பே போனால், அமைதியான ஒரு நாளில் மருந்தைக் கொடுத்துப் பார்த்து அளவைச் சரிசெய்ய முடியும். அசிபுரோமசின் என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அதைத் தனியாகக் கொடுத்தால் உடம்பு தளரும், பயம் உள்ளேயே இருக்கும். வீட்டில் மனிதருக்கு வாங்கிவைத்த தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துப் போடும் யோசனையே வேண்டாம்.

தெரு நாய்க்கு ஜன்னலும் இல்லை, டப்பாவும் இல்லை. அதற்கு ஓட மட்டும் தெரியும். ஓடினால் அடுத்த தெரு நாய்களின் எல்லையில் கடி வாங்கும், இல்லையென்றால் செங்குன்றம் சாலையில் லாரிக்கு நடுவே போய் நிற்கும். தீபாவளியன்று ஒரு ராத்திரி அபார்ட்மென்ட் படிக்கட்டுக்கு அடியில் வந்து படுத்தால், வாட்ச்மேனிடம் விரட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மறுநாள் காலையில் காரை எடுப்பதற்கு முன்னால் குனிந்து அடியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.