டங்ஸ்டன் இழை மின்விளக்கு

இக்கண்ணாடிக் குமிழினுள் இரு கால்களுக்கிடையே மயிரிழை போல் சுருண்டிருக்கும் கம்பி, 1783-இல் ஸ்பெயின் தேசத்து எலுயார் சகோதரர்கள் பிரித்தெடுத்த டங்ஸ்டன் என்னும் லோகத்தால் ஆனது. உருகுவதற்கு 3,422 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் வேண்டும். வேறெந்த லோகத்துக்கும் இவ்வளவு தேவையில்லை. ஆயினும் எளிதில் நொறுங்கும் சுபாவமுடையதாகையால், இதன் தூளை அழுத்திச் சுட்டு, சூட்டோடு அடித்து, வைர அச்சுத் துவாரங்களின் வழியே இழுத்துக் கம்பியாக்கும் மார்க்கத்தை அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் கூலிட்ஜ் சுமார் 1910-இல் கண்ட பின்னரே, கரி இழை விளக்குகள் வழக்கொழியலாயின. இழையைச் சுருளாக்கி, குமிழில் மந்த வாயுவை நிரப்பும் இம்முறை, 1913-இல் இர்விங் லாங்மியூர் கண்டது. கண்ணாடியின் உட்புறக் கறுப்பு அழுக்கன்று. இழையிலிருந்து ஆவியாகிப் படிந்த டங்ஸ்டனே. இன்று இந்த லோகத்தின் பெரும்பகுதி கார்பைடாக மாறி, கடைசல் இயந்திரங்களின் வெட்டுமுனைகளுக்கும் பாறை துளைக்கும் கருவிகளுக்கும் பயன்படுகிறது.